பட்டியிலிருந்து வீசும் காற்று

கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது திருவண்ணாமலைக்குச் சென்றவர்கள் இரண்டு கூட்டங்களைக் கண்டிருப்பார்கள். ஒன்று, மலையுச்சியில் ஏற்றப்படும் தீபத்தைக் காணத் திரளும் மக்கள் கூட்டம். மற்றொன்று, அந்த நாட்களையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிவரப்படும் கால்நடைக் கூட்டம். மாடும் ஆடும் இல்லாத திருவண்ணாமலை வட்டாரத்தை நினைத்துப் பார்க்கவே முடியாது. செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் எனச் சுற்றிலும் எந்த ஊருக்குச் சென்றாலும், வீட்டை ஒட்டி ஒரு கொட்டகையும், அதில் இரண்டு கறவை மாடுகளும், பக்கத்தில் நாலைந்து வெள்ளாடுகளும் இருக்கக் காணலாம்.

1989-ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது உருவான இந்த மாவட்டத்தில், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 24 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வாழ்ந்தனர். அவர்களில் ஐந்தில் நான்கு பேர் கிராமங்களில் இருந்தனர். மழை பொய்த்த ஆண்டில் அடுப்பெரிய வைப்பது பால் பணமும் ஆடு விற்ற பணமும்தான். ஆகவே, கால்நடைகளோடு சேர்ந்து வாழ்வதா வேண்டாமா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. அவற்றோடு சேர்ந்து நாம் சுவாசிக்கும் காற்றில் என்ன இருக்கிறது, அது நம் நுரையீரலை என்ன செய்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான விடையைத் தேடுவோம்.

மூச்சுப் பாதையின் காவலர்கள்

நாம் ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறோம். அந்தக் காற்று சென்று சேரும் இடம், நுரையீரலிலுள்ள கோடிக்கணக்கான சிறு காற்றறைகள். அவற்றின் சுவர்களைப் பிரித்து விரித்துப் போட்டால் ஏறத்தாழ 70 சதுர மீட்டர் பரப்பு வரும். இவ்வளவு பெரிய பரப்பு, வெளியுலகக் காற்றுடன் ஓயாமல் உறவாடிக் கொண்டிருக்கிறது. ஆகவே இயற்கை அதற்குப் பலமான காவல் வைத்துள்ளது.

முதல் காவல் மூக்கு. அங்குள்ள மயிரும் ஈரப்பசையும் பெரிய தூசிகளைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. இரண்டாவது காவல் மூச்சுக்குழல். அதன் உட்சுவரைச் சளிப்படலம் ஒன்று மூடியிருக்கிறது. அப்படலத்தின் அடியில் மிக நுண்ணிய பிசிர்கள் நெற்கதிர்கள் காற்றில் அசைவது போல் ஒரே திசையில் அசைந்து, சளியில் ஒட்டிய தூசியைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. இவ்விரண்டையும் தாண்டி வருபவற்றை விழுங்கி அழிக்கக் காற்றறைகளில் தனியே உயிரணுக்கள் உள்ளன. இது மூன்றாவது காவல்.

எந்தத் தூசி எதுவரை செல்லும் என்பதை அதன் பருமன் தீர்மானிக்கிறது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரான். பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட தூசிகளில் பெரும்பாலானவை மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். ஐந்து மைக்ரானுக்கும் குறைந்தவை ஆழமாக இறங்கிக் காற்றறைகளையே எட்டிவிடும். கண்ணுக்குத் தெரியும் புழுதியைக் கண்டுதான் நாம் முந்தானையால் மூக்கைப் பொத்துகிறோம். உண்மையில் அஞ்ச வேண்டியது கண்ணுக்குத் தெரியாத தூசியைத்தான்.

கொட்டகைக் காற்றில் இருப்பவை

கால்நடைகள் அடைந்து கிடக்கும் இடத்துக் காற்றில் மூன்று பொருள்களை நாம் தனித்தனியே கவனிக்க வேண்டும்.

முதலாவது அமோனியா. மாட்டின் மூத்திரத்தில் யூரியா உள்ளது. சாணத்திலுள்ள பாக்டீரியாக்கள் சுரக்கும் ஒரு நொதி இந்த யூரியாவைச் சிதைத்து அமோனியா வாயுவாக மாற்றுகிறது. மூத்திரமும் சாணமும் தனித்தனியே கிடந்தால் இம்மாற்றம் மெதுவாக நடக்கும். கலந்து தேங்கினால் விரைவாக நடக்கும். அதிகாலையில் மூடிய கொட்டகையைத் திறக்கும்போது கண்ணைக் கரிக்கும் நெடி இதுதான். அமோனியா மூச்சுக்குழலின் பிசிர்களை மந்தப்படுத்துகிறது. காவலன் அயர்ந்தால் திருடனுக்கு வழி எளிதாகிவிடும் அல்லவா?

இரண்டாவது உயிர்த்தூசி. உலர்ந்த சாணம், வைக்கோல் தூள், தவிட்டுத் தூள், உதிர்ந்த தோல் செதில், கோழிப் பண்ணையானால் இறகுத் துணுக்கு, இவற்றோடு பூஞ்சை வித்துகளும் இறந்த பாக்டீரியாக்களின் மேலுறைத் துணுக்குகளும் சேர்ந்த கலவை இது. இறந்த பாக்டீரியா நோயைப் பரப்பாது என்றாலும், அதன் மேலுறையிலுள்ள எண்டோடாக்சின் என்ற பொருள் நுரையீரலில் அழற்சியை உண்டாக்க வல்லது.

மூன்றாவது, உயிருள்ள கிருமிகள். கால்நடைகளைத் தாக்கும் கிருமிகளில் பல மனிதரை ஒன்றும் செய்வதில்லை. சில மட்டும் வேலி தாண்டுகின்றன. பறவைக் காய்ச்சல் வைரஸ் அத்தகையது. இந்தியக் கோழிப் பண்ணைகளில் அது முதன்முதலாக 2006-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கண்டறியப்பட்டது. ஆனால் அது பெரும்பாலும் நோயுற்ற பறவைகளை நெருங்கிக் கையாள்வோரையே பற்றுகிறது. பண்ணைக்குள் கால் வைக்காதவரையும் காற்றின் வழியாகவே தேடிச் செல்லும் கிருமி வேறொன்று உண்டு. அதன் கதையைச் சற்று விரிவாகக் காண்போம்.

பெயரே கேள்வியான காய்ச்சல்

1935-ஆம் ஆண்டு. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகரான பிரிஸ்பேனில், இறைச்சிக் கூடத் தொழிலாளர்களிடையே காரணம் புரியாத காய்ச்சல் ஒன்று காணப்பட்டது. கடும் தலைவலி, உடல்வலி, வியர்வை, வாரக்கணக்கில் நீடிக்கும் காய்ச்சல். அன்று தெரிந்த எந்தச் சோதனைக்கும் அது பிடிபடவில்லை. ஆராயப் புகுந்த டாக்டர் எட்வர்ட் டெரிக், விடை தெரியாத நிலையில், கேள்வி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லான 'க்வரி' என்பதன் முதலெழுத்தைக் கொண்டு அதைக் 'க்யூ காய்ச்சல்' என்று அழைத்தார். 1937-இல் தம் ஆய்வை வெளியிட்டார்.

அவர் அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு மெல்போர்னில் மாக்ஃபார்லேன் பர்னெட் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார். ஏறத்தாழ அதே காலத்தில், அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் உண்ணிகளை ஆராய்ந்து கொண்டிருந்த ஹெரால்டு காக்ஸ் என்பவரும் அதே கிருமியை எதிர்கொண்டார். இருவர் பெயரையும் சேர்த்து அதற்குக் காக்ஸியெல்லா பர்னெட்டி எனப் பெயரிட்டனர். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் கேள்வியைக் குறிக்கும் பெயர் மட்டும் இன்றுவரை மாறவில்லை.

இக்கிருமியின் இயல்புகள் வியப்புக்குரியவை. இதன் நீளம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ஆகவே இது நேராகக் காற்றறைக்குச் செல்லக் கூடியது. அங்கே காவலுக்கு நிற்கும் உயிரணு இதை விழுங்குகிறது. விழுங்கப்பட்ட கிருமி சாவதற்கு மாறாக, அந்த உயிரணுவுக்குள்ளேயே பெருகுகிறது! வெளியுலகிலும் இது எளிதில் அழிவதில்லை. வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கி, மண்ணிலும் எருவிலும் மாதக்கணக்கில் கிடக்கும். மனிதனுக்கு நோய் உண்டாக்கப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதும் என்று கணக்கிடப்பட்டுள்ளது.

ஆடு, மாடுகளின் உடலில் இக்கிருமி பெரும்பாலும் ஓசையின்றித் தங்கியிருக்கும். சினைக் காலத்தில் நச்சுக்கொடியில் புகுந்து பெருகும். ஆடுகளில் இதனால் நிறைமாதத்தில் குட்டி வீசுவதும் செத்த குட்டி பிறப்பதும் நேரலாம். அப்படி வெளிவரும் நச்சுக்கொடியின் ஒரு கிராமில் நூறு கோடிக் கிருமிகள் வரை இருக்கக் கூடும். அந்த நீர் தரையில் சிந்தி, சாணத்திலும் வைக்கோலிலும் ஊறிக் காய்ந்து, பொடியாகிக் காற்றில் எழுகிறது. ஆகவே இந்நோயைப் பொறுத்தவரை ஆபத்து ஆண்டு முழுவதும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆடு குட்டி போடும் நேரமும், அதையடுத்த உலர்ந்த வாரங்களுமே ஆபத்தின் உச்சம்.

மனிதரைப் பற்றினால் என்ன ஆகும்? பாதிப்பேருக்கு மேல் எந்தத் தொல்லையும் தோன்றாது. மற்றவர்களுக்கு, கிருமி புகுந்து இரண்டு மூன்று வாரங்கள் கழித்துக் காய்ச்சலும் வறட்டு இருமலும் தொடங்கும். சிலருக்கு அது நிமோனியாவாகும். சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். பெரும்பாலோர் தேறிவிடுவர். நூற்றில் ஐந்துக்கும் குறைவானவர்களில் மட்டும் கிருமி உடலிலேயே தங்கி, மாதங்களோ ஆண்டுகளோ சென்றபின் இதய வால்வுகளை அரிக்கத் தொடங்கும். அந்த வடிவம் உயிருக்கே ஆபத்தானது. கர்ப்பிணிகளுக்கும், ஏற்கெனவே இதய வால்வுக் கோளாறு உள்ளவர்களுக்கும் இந்நோயால் ஆபத்து அதிகம்.

ஹாலந்து கற்ற பாடம்

இந்நோய் பண்ணையின் வேலியைத் தாண்டி எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை உலகுக்குக் காட்டியது ஹாலந்து நாடு. அங்கு 1984-இல் பசும்பால் உற்பத்திக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டது. பல உழவர்கள் கறவை ஆடுகளுக்கு மாறினர். 1983-இல் சுமார் 7,000 ஆக இருந்த கறவை ஆடுகளின் எண்ணிக்கை 2009-இல் மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. ஒரே கூரையின்கீழ் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில், வைக்கோல் படுக்கையில் அவை அடைக்கப்பட்டன. பண்ணைகளுக்கு இடையே ஊர்கள் இருந்தன.

2005 முதலே சில பண்ணைகளில் ஆடுகள் கூட்டங்கூட்டமாகக் குட்டி வீசுவதைக் கால்நடை மருத்துவர்கள் கண்டனர். 2007-ஆம் ஆண்டு, தெற்கிலுள்ள ஹெர்பன் என்ற சிற்றூரில், நிமோனியா நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாக வருவதை உள்ளூர் மருத்துவர் கவனித்துச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். ஆனால் ஆடுகளில் இந்நோய் கண்டால் அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டும் என்ற விதி 2008 ஜூனில்தான் வந்தது. எந்தப் பண்ணையில் நோய் என்ற செய்தி, நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கு எட்டாமல் காலம் சென்றது. 2009-ஆம் ஆண்டில் மட்டும் 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயிற்று. 2007 முதல் 2010 வரை பதிவானவர்கள் 4,000-க்கும் அதிகம். இவர்களில் பலர் பண்ணையில் வேலை செய்தவர்கள் அல்லர்; ஆட்டைத் தொட்டவர்களும் அல்லர். காற்று வீசிய திசையில் வாழ்ந்தவர்கள், அவ்வளவுதான்.

நோய் கண்ட ஒரு பண்ணையைச் சுற்றி ஆராய்ச்சியாளர்கள் தொலைவைக் கணக்கிட்டபோது உண்மை தெளிவாயிற்று. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் வாழ்ந்தவர்களோடு ஒப்பிட, இரண்டு கிலோமீட்டருக்குள் வாழ்ந்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 31 மடங்கு அதிகமாக இருந்தது. மண் உலர்ந்து, மரஞ்செடிகள் குறைந்திருந்த இடங்களில் நோய் மேலும் எளிதாகப் பரவியதும் தெரிந்தது. ஈரமண் தூசியை எழவிடாது. மரம் தூசியைத் தடுக்கும் என்பதே இதன் விளக்கம். இறுதியில், 2009 டிசம்பர் முதல் 50,000-க்கும் மேற்பட்ட சினை ஆடுகளைக் கொல்லவும், எஞ்சியவற்றுக்குத் தடுப்பூசி போடவும் அந்நாடு நேர்ந்தது. நோய் அடங்கியது.

அதன்பின் அந்நாட்டு விஞ்ஞானிகள் கேள்வியை விரிவாக்கினர். க்யூ காய்ச்சல் இருக்கட்டும்; சாதாரண காலத்தில் பண்ணைக்கு அருகில் வாழ்வது மூச்சுறுப்புகளை என்ன செய்கிறது? கால்நடைப் பண்ணைகள் நிறைந்த பகுதியில் சுமார் 2,500 பேரின் நுரையீரல் திறனை அளந்தனர். 2016-இல் வெளியான முடிவுகள் இருபுறமும் கூர்மையான கத்தி போன்றவை.

ஒருபுறம், காற்றில் அமோனியா மிகுந்திருந்த நாட்களை அடுத்து அளந்தபோது மக்களின் நுரையீரல் திறன் சற்றுக் குறைந்திருந்தது. வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் பண்ணைகள் பெருகப் பெருகத் திறன் குறைந்தது. ஏற்கெனவே நாட்பட்ட மூச்சுத் தடை நோய் உள்ளவர்களுக்குப் பண்ணை அருகில் இருந்தால் தொல்லை கூடியது. க்யூ காய்ச்சல் அடங்கிய பின்னரும் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் நிமோனியா அதிகமாகவே காணப்பட்டது. இதனால் 2017 முதல் அந்நாட்டின் பல மாகாணங்கள் புதிய ஆட்டுப் பண்ணைகளுக்கு அனுமதி தருவதை நிறுத்தி வைத்தன.

மறுபுறம், பண்ணைகளுக்கு அருகில் வாழ்வோரிடம் ஆஸ்துமாவும் ஒவ்வாமைத் தும்மலும் குறைவாக இருந்தன! இது புதிய செய்தியன்று. மாட்டுக் கொட்டகையில் ஓடி விளையாடி வளரும் குழந்தைகளுக்கு ஆஸ்துமா குறைவு என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் செய்த பல ஆய்வுகள் காட்டியுள்ளன. சிறு வயதிலேயே பலவகை நுண்ணுயிர்களைச் சந்திக்கும் உடல், எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்கிறது என்று விளக்கம் கூறுவர். எனவே மாட்டைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதில்லை. எப்போது, எங்கே, எதனால் ஆபத்து என்பதை அறிந்து நடந்தால் போதும்.

நம் ஊரில் தொலைவு எவ்வளவு?

இந்தக் கிருமி நம் நாட்டில் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. 1950-களிலேயே இந்தியாவில் இரத்தச் சோதனைகள் மூலம் இதன் தடயங்கள் கண்டறியப்பட்டன. நமக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. புதுச்சேரியிலும் அதையொட்டிய தமிழ்நாட்டுப் பகுதிகளிலும் வளர்க்கப்பட்ட செம்மறியாடுகள், வெள்ளாடுகளின் இரத்தத்தில் இக்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் இருந்ததை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு தெரிவித்தது. அதே வட்டாரத்து மனிதர்களிடமும் தடயங்கள் கிடைத்ததை 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. புதுச்சேரியிலிருந்து திருவண்ணாமலை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர்தான். சந்தைக்குச் சந்தை கைமாறும் ஆடுகளுக்கு இது ஒரு தொலைவே அன்று.

ஆனால் ஹாலந்துக்கும் நமக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உள்ளது. அங்கே ஆடு வளர்த்தவர் ஒருவர், நோயுற்றவர் வேறொருவர். இடைவெளியைக் கிலோமீட்டரில் அளந்தார்கள். நம் கிராமத்தில் ஆடு வளர்ப்பவரும், அந்தக் காற்றைச் சுவாசிப்பவரும் ஒருவரே. இடைவெளி ஒரு மண்சுவர். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. நனையாதிருக்கக் குட்டிகளைத் திண்ணையிலும் வீட்டுக்குள்ளேயும் கட்டுகிறோம். ஆட்டுக்குப் பேறு பார்ப்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். வெறுங்கையால் குட்டியை இழுத்து, வாயிலுள்ள கோழையைத் துடைத்து, கொடியை அப்புறப்படுத்துபவரும் அவரே. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தின்கீழ் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் விலையின்றி வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர்களில் பெண்களே மிகுதி. நான்கு ஆடுகளே ஒரு குடும்பத்தின் சேமிப்பு என்னும்போது, ஹாலந்தைப் போல் ஆட்டைக் கொல் என்று சொல்வது நமக்குத் தீர்வாகாது.

நம் பழக்கங்களிலும் ஆராய வேண்டியவை உள்ளன. மாடு கன்று ஈன்றதும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி, சாக்கில் கட்டி, ஊர்க்கோடி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் உண்டு. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாயும் நரியும் இழுத்துச் செல்லாது என்ற அளவில் இதில் ஒரு நன்மை இருந்தது. ஆனால் கிருமி கொண்ட கொடி அங்கே காய்ந்து உதிர்ந்தால், அது காற்றோடு கலக்கும் என்பதை இப்போது நாம் அறிவோம். புதைப்பதே சிறந்தது.

மாறாக, நம் பழக்கங்களில் ஒன்று விஞ்ஞானம் பாராட்டத் தக்கது. காலையில் நீர் தெளித்த பிறகே வாசல் பெருக்குகிறோம். தூசியை எழவிடாமல் தடுக்க இதைவிட எளிய முறை ஏது? ஆனால் அதே கையால் கொட்டகையையும் ஆட்டுப்பட்டியையும் உலர்ந்தபடியே பெருக்குகிறோம்! வாசலுக்குத் தெரிந்த பாடத்தைப் பட்டிக்கும் கொண்டு சென்றால் போதும்.

நாம் செய்யக் கூடியவை

பெருஞ்செலவு இல்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் செய்யக் கூடியவை சில உண்டு.

கொட்டகைக்கும் படுக்கும் இடத்துக்கும் நடுவே இயன்ற அளவு இடைவெளி விடுங்கள். கொட்டகையின் இரு எதிர்ப்பக்கங்களில் காற்றுப் போக வழி இருக்கட்டும். அமோனியா காற்றைவிட இலேசானது. கூரையின் மேற்பகுதியில் திறப்பு இருந்தால் வெளியேறிவிடும். மூத்திரம் தேங்காமல் ஓடத் தரையைச் சற்றுச் சரிவாக அமையுங்கள்.

பட்டியைப் பெருக்குமுன் நீர் தெளியுங்கள். எருவைக் குழியிலிட்டு மூடி, நன்றாக மக்கவிட்ட பிறகே வயலுக்குக் கொண்டு செல்லுங்கள். சித்திரை, வைகாசியில் பலத்த காற்று வீசும் வேளையில் உலர்ந்த எருவை அள்ளி இறைப்பதைத் தவிருங்கள்.

ஆடு குட்டி போடும்போது உதவுபவர் கையுறை அணிவது நல்லது. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசமும் வேண்டும். சாதாரணத் துணி பெருந்தூசியை மட்டுமே தடுக்கும். மருந்துக் கடையில் கிடைக்கும் என்-95 வகைக் கவசம் நுண்தூசியையும் பெருமளவு தடுக்கும். கர்ப்பிணிகளும் இதய வால்வு நோயுள்ளவர்களும் அந்நேரம் அங்கே நிற்கவே கூடாது. வேலை முடிந்ததும் சோப்பால் கை கழுவி, உடை மாற்றிக்கொள்ள வேண்டும். கொடியையும் செத்த குட்டியையும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும்.

ஓர் ஆடு குட்டி வீசினால் அதைத் தனியே கட்டுங்கள். அடுத்தடுத்து இரண்டு மூன்று வீசினால் காலம் தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். 1962 என்ற தொலைபேசி எண்ணில் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கும். குட்டி வீசுவதற்குப் பல காரணங்கள் உண்டு; அவற்றுள் ஒன்றான கன்று வீச்சு நோயும் மனிதருக்குத் தொற்றக் கூடியதே.

பாலை எப்போதும் காய்ச்சியே பருகுங்கள். பாலைப் பதப்படுத்த முன்பு 61.7 டிகிரி செல்சியஸ் வெப்பமே போதும் என்று கருதப்பட்டது. காக்ஸியெல்லா அதையும் தாங்குவது தெரியவந்ததால், 1956-இல் அமெரிக்காவில் அந்த அளவு 63 டிகிரிக்கு உயர்த்தப்பட்டது. நம் அடுப்பில் பொங்கும் பாலின் வெப்பமோ நூறு டிகிரியை நெருங்கும். அதன்முன் இக்கிருமி நிற்காது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

இவ்வளவு செய்தும் காய்ச்சலும் இருமலும் வந்தால் என்ன செய்வது? இங்குதான் மிக முக்கியமான செய்தி இருக்கிறது.

க்யூ காய்ச்சல் நிமோனியா, மார்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாலும் மற்ற நிமோனியாக்களைப் போலவே தெரியும். வழக்கமாகச் சளி சோதிக்கும் முறைகளில் இக்கிருமி வளராது. ஏனெனில் இது உயிரணுவுக்குள் மட்டுமே பெருகுவது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைச் சோதிக்க வேண்டும். நோய்த் தொடக்கத்தில் ஒருமுறையும், இரண்டு மூன்று வாரம் கழித்து ஒருமுறையும் சோதித்து, அளவு நான்கு மடங்கு உயர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இச்சோதனையைச் சந்தேகம் எழுந்தால்தான் செய்வார்கள். சந்தேகம் எழ வேண்டுமானால், நோயாளியின் வீட்டில் ஆடு இருப்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும்!

பென்சிலின் வகை மருந்துகள் இந்நோயில் பயன் தருவதில்லை. டாக்ஸிசைக்ளின் என்ற, விலை குறைந்த, பழைய மருந்துதான் இதற்கு முதன்மையானது; பொதுவாக இரண்டு வாரம் கொடுக்கப்படுகிறது. எந்த மருந்து யாருக்கு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் முறை வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், நம் நாட்டில் முதலில் காசநோய்ச் சோதனை செய்துகொள்வதே முறை என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆகவே மருத்துவமனைக்குச் செல்லும்போது, கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "எங்கள் வீட்டில் ஆடு மாடு இருக்கிறது, சென்ற மாதம் ஓர் ஆடு குட்டி போட்டது" அல்லது "வீசியது". பக்கத்து வீட்டில் நடந்திருந்தாலும் சொல்லுங்கள்.

ஒரு நோயாளியின் செய்தி அவரோடு நிற்பது. பல நோயாளிகளின் செய்தி ஓரிடத்தில் சேர்ந்தால் அது ஓர் ஊரையே காக்கும். இதை நம் மண்ணிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 1980-களில் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் ஓர் எளிய முறையை உருவாக்கினர். அரசு மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும், குறிப்பிட்ட சில நோய்களைக் கண்டால் அச்சிட்ட அஞ்சலட்டை ஒன்றில் எழுதி அனுப்பினால் போதும். அட்டைகள் ஓரிடத்தில் குவியும்போது, எந்த ஊரில் எந்த நோய் தலைதூக்குகிறது என்பது புலப்பட்டது. பின்னர் கேரளத்திலும் இம்முறை பின்பற்றப்பட்டது. 2004-இல் நாடு முழுவதற்குமான ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கியது.

ஹாலந்தில் ஆட்டு மருத்துவர் 2005-இல் கண்டதை மனித மருத்துவர் 2007-இல்தான் கண்டார். அந்த இரண்டு ஆண்டுகளில் இருவரும் பேசிக்கொண்டிருந்தால், பிறகு நேர்ந்த துன்பத்தில் ஒரு பகுதியையாவது தவிர்த்திருக்கலாம். நம் கிராமங்களில் கால்நடை மருந்தகத்துக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இடையே நடந்து செல்பவர் ஒருவர் உண்டு. அவர் ஆட்டையும் ஓட்டிச் செல்கிறார். காய்ச்சல் கண்ட குழந்தையையும் தூக்கிச் செல்கிறார். முதல் இடத்தில் பார்த்ததை இரண்டாவது இடத்தில் அவர் சொன்னாலே போதும். இரண்டு மருத்துவங்களும் பேசத் தொடங்கிவிடும்.